முழு டவர் காட்டுகிறது, பேசினால் கேட்கவில்லை: வாசகர் கேள்வி – பதில்

புதுப் போன் எது வாங்கலாம் என்று கேட்டவர்களும் வீட்டுக்குள் டவர் கிடைக்கவில்லை என்று கேட்டவர்களும் இந்த முறை ஏறக்குறைய சம எண்ணிக்கையில் இருந்தார்கள். இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்த விஷயம் என்பதால் ஒரே இடத்தில் பதில் தருகிறோம்.

கேள்வி: பழைய போனில் வீட்டுக்குள் சிக்னல் சரியாக இல்லை. விலை கூடுதலான போனாக எடுத்தால் இந்தத் தொல்லை தீருமா?

பதில்: தீரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. விலைக்கும் சிக்னலுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. நீங்கள் குடியிருக்கும் இடத்தில் உங்கள் சிம் நிறுவனம் எந்தெந்த பேண்டில் (அலைவரிசைப் பிரிவில்) சேவை தருகிறதோ, அந்த பேண்டுகள் அத்தனையும் போனில் இருக்க வேண்டும். முக்கியமான ஒன்று விடுபட்டுவிட்டால், பக்கத்து வீட்டில் தாராளமாகப் பேசும்போது நீங்கள் மட்டும் மொட்டை மாடிக்கு ஏற வேண்டியிருக்கும்.

பேண்ட் எண்களைக் கண்டு பயப்பட வேண்டாம். 4ஜியில் பேண்ட் 28 என்பது 700 மெகாஹெர்ட்ஸ், பேண்ட் 20 என்பது 800, பேண்ட் 8 என்பது 900. இவை தொலைதூரம் போகும், சுவரைத் துளைத்து உள்ளே வரும். பேண்ட் 3 (1800), பேண்ட் 1 (2100), பேண்ட் 40 (2300) ஆகியவற்றில் வேகம் கூடும், எட்டும் தூரம் குறையும். 5ஜியில் எண்ணுக்கு முன்னால் 'என்' சேரும். என்28 என்றால் அதே 700. பல நாடுகளில் 5ஜியின் முதுகெலும்பாக இருக்கும் என்78, 3300 முதல் 3800 மெகாஹெர்ட்ஸ் வரை. வேகத்தில் அது ராஜா, கான்கிரீட் சுவருக்கு முன்னால் பலவீனம். ஆகவே வீட்டுக்குள் சிக்னல்தான் உங்கள் கவலை என்றால், 700 முதல் 900 வரையுள்ள பேண்டுகளில் உங்கள் நிறுவனம் எதைப் பயன்படுத்துகிறது, அது போனில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

போனின் பெயரை மட்டும் வைத்து இதை முடிவு செய்யக் கூடாது. ஒரே பெயரில் விற்கும் போன், விற்கப்படும் நாட்டுக்கு ஏற்ப வேறு வேறு மாடல் எண்ணில் வருகிறது. பேண்ட் பட்டியலும் மாறுகிறது. பெட்டியின் பின்புற ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் தளத்தில் அதே எண்ணுக்கான பட்டியலைப் பாருங்கள். விற்பனைப் பக்கங்களில் '4ஜி, 5ஜி உண்டு' என்று மட்டும் போட்டிருந்தால் அதில் உங்களுக்குத் தேவையான தகவல் எதுவும் இல்லை.

கூடுதல் விலைக்குக் கிடைப்பது வேறு. நல்ல போன்களில் சில பேண்டுகளுக்கு 2-க்குப் பதில் 4 ஆன்டெனாக்கள் சிக்னலை வாங்கும். கோட்பாட்டின்படி இதில் 3 டெசிபல் (சிக்னலின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு), அதாவது இரண்டு மடங்கு ஆதாயம். பல பேண்டுகளை ஒரே நேரத்தில் சேர்த்துப் பயன்படுத்தும் திறனும் கூடுதலாக இருக்கும். ஓரளவு சிக்னல் உள்ள இடத்தில் இவை நன்றாகக் கைகொடுக்கும். சிக்னலே இல்லாத அறையில் எந்தப் போனும் அதை உண்டாக்கித் தராது.

பணம் செலவழிக்கும் முன் ஒரு சோதனை. உங்கள் சிம்மை வீட்டில் இன்னொருவரின் போனில் போட்டு, அதே அறையில் பேசிப் பாருங்கள். பிறகு வேறு நிறுவனத்தின் சிம்மை உங்கள் போனில் போட்டுப் பாருங்கள். முதல் சோதனையில் நிலைமை மாறினால் குறை போனில். இரண்டாவதில் மாறினால், மாற்ற வேண்டியது சிம் நிறுவனத்தை. போனை மாற்றினால் பணம்தான் வீண்.

கேள்வி: ஒரே நிறுவனத்தின் சிம்தான். என் போனில் டவர் 2 கோடு, கணவர் போனில் 4 கோடு. அவர் போன்தான் நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்று எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட பொது அளவு கிடையாது. அவரவர் இஷ்டம்தான். 2010 ஜூலையில் ஆப்பிள் நிறுவனமே, கோடுகளைக் கணக்கிடும் தன் சூத்திரம் தவறு என்றும், பல நேரங்களில் 2 கோடுகள் கூடுதலாகக் காட்டுகிறது என்றும் அறிவித்துத் திருத்தம் வெளியிட்டது.

கோடுகளை மறந்துவிடுங்கள், எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் அமைப்புகள், போனைப் பற்றி, சிம் நிலை என்று போனால் 'சிக்னல் வலிமை' என்ற இடத்தில் மைனஸ் குறியோடு ஓர் எண் இருக்கும். பக்கத்தில் டிபிஎம் (dBm) என்று போட்டிருக்கும். பல ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* என்று டயல் செய்தாலும், பல சாம்சங் மாடல்களில் *#0011# என்று டயல் செய்தாலும் விரிவான விவரம் வரும். ஐபோனில் *3001#12345#* என்று அடித்து அழைப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். அதில் ஆர்எஸ்ஆர்பி (RSRP) என்ற வரியைத் தேடுங்கள், சிக்னல் வலிமை அதுதான்.

4ஜியிலும் 5ஜியிலும் இந்த எண் -80 அல்லது அதைவிட மேலாக (-75, -70) இருந்தால் மிக நன்று. -90 வரை நன்று. -100 வரை சமாளிக்கலாம். -110-ஐ நெருங்கும்போது பேச்சு வெட்டி வெட்டி வரும். -120-க்குக் கீழே இணைப்பு எப்போது வேண்டுமானாலும் அறுந்துவிடும். மைனஸ் எண் என்பதால் 85-ஐவிட 105 மோசம் என்பதை நினைவில் வையுங்கள். வித்தியாசமும் சாதாரணக் கழித்தல் கணக்கு அல்ல: 3 டெசிபல் குறைந்தால் சிக்னல் பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு, 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு.

ஒப்பிடும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். போனைச் சற்றுத் திருப்பினாலே எண் 5, 6 வரை ஆடும். அதனால் இரண்டு நிமிடம் ஒரே இடத்தில் வைத்து, எது அதிக நேரம் தெரிகிறதோ அதைக் குறியுங்கள். இரண்டு போன்களும் ஒரே தலைமுறையில், முடிந்தால் ஒரே பேண்டில் இருக்க வேண்டும். 2ஜி, 3ஜி அளவுகளை 4ஜி அளவோடு ஒப்பிடவே கூடாது. 4ஜியின் ஆர்எஸ்ஆர்பி, அலைவரிசையின் ஒரு சிறு கீற்றை மட்டும் அளப்பது. மொத்த அலைவரிசையையும் அளக்கும் பழைய முறையைவிட அது 20 முதல் 30 டெசிபல் வரை குறைவாகவே காட்டும். '3ஜியில் -80 இருந்தது, 4ஜியில் -100 ஆகிவிட்டது' என்று வருந்துபவர்களுக்கு உண்மையில் சிக்னல் குறையவே இல்லாமலும் இருக்கலாம்.

கேள்வி: நான் பேசுவது எதிர்முனையில் கேட்கவில்லை என்கிறார்கள். அவர்கள் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. போனில் முழு டவர் காட்டுகிறதே?

பதில்: டவரிலிருந்து உங்கள் போனுக்கு வருவதை மட்டுமே அந்தக் கோடுகள் காட்டுகின்றன. உங்கள் போனிலிருந்து டவருக்குப் போவதை அவை காட்டுவதில்லை. டவர் பல பத்து வாட் சக்தியில் ஒலிபரப்பும். உங்கள் போன் 4ஜியில் பொதுவாக அதிகபட்சம் 0.2 வாட்தான் அனுப்பும். டவரின் குரல் போனுக்கு எட்டும் தூரத்தில்கூட, போனின் குரல் டவருக்கு எட்டாமல் போவது இதனால்தான். சிக்னல் -105-ஐத் தாண்டிய இடங்களில் இந்த ஒருவழித் தொல்லை அதிகம்.

ஆனால் உங்கள் போனில் நிஜமாகவே சிக்னல் நன்றாக இருந்தால், முதலில் மைக்கைச் சந்தேகியுங்கள். குரல் பதிவுச் செயலியைத் திறந்து, போனைக் காதில் வைத்துப் பேசுவது போலவே பிடித்து, அரை நிமிடம் பதிவு செய்து கேளுங்கள். பதிவும் மங்கலாக இருந்தால், அடிப்பக்க மைக் துளையில் தூசி அடைத்திருக்கிறது, அல்லது உறையோ திரைப் பாதுகாப்புத் தாளோ துளையை மறைக்கிறது. ஊசியை விட்டுக் குத்தாதீர்கள். உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்துவிடும். மென்மையான உலர்ந்த தூரிகை போதும்.

பதிவு தெளிவாக இருந்தால் அடுத்து கையைப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் முக்கிய ஆன்டெனா அடிப்பகுதி விளிம்பில் இருக்கும். உள்ளங்கை அதை முழுக்க மூடிவிட்டால் சில டெசிபலிலிருந்து 10 டெசிபல் வரைகூட இழப்பு வரும். போனின் நடுப்பகுதியைப் பிடித்துப் பேசுங்கள். உலோக உறை, காந்தத் தகடு ஒட்டிய உறை இருந்தால் கழற்றிவிட்டு ஒருமுறை பேசிப் பாருங்கள். உறை இல்லாமல் சரியாகிவிட்டால் அதை மறுபடி மாட்டாதீர்கள்.

கேள்வி: காலையில் நெட் பறக்கிறது. மாலை 7 மணிக்கு மேல் முழு டவர் இருந்தும் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. போன் பழையதாகிவிட்டதா?

பதில்: போன் காலையில் புதிதாகவும் மாலையில் பழையதாகவும் இருக்காது. இது நெரிசல். ஒரு டவரின் கொள்ளளவை அந்த நேரத்தில் பயன்படுத்தும் அனைவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். உறுதி செய்ய, ஒரே இடத்தில் அமர்ந்து விடிகாலையிலும் இரவு 8 மணிக்கும் வேகச் சோதனை எடுத்து, பதிவிறக்கம், பதிவேற்றம், தாமதம் மூன்றையும் குறித்து வையுங்கள். இரண்டு நேரத்திலும் டிபிஎம் எண் ஒன்றாக இருந்து வேகம் மட்டும் விழுந்தால் நெரிசல்தான். பல பேண்டுகளைச் சேர்க்கும் போன் இருந்தால் ஓரளவு தேவலை. முழுத் தீர்வு நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. இந்த அளவுகளைத் தேதி, நேரத்தோடு கொடுத்துப் புகார் செய்தால், 'நெட் ஸ்லோ' என்ற ஒரு வரிப் புகாரைவிட அது எடுபடும்.

எந்நேரமும் மெதுவாக இருந்தால் எஸ்ஐஎன்ஆர் (SINR) என்ற எண்ணைப் பாருங்கள். இது சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம். 20-க்கு மேல் அருமை, 13-க்கு மேல் நன்று, 0-வை ஒட்டி வந்தால் திணறல், மைனஸில் போனால் பெரும்பாலும் பயனில்லை. சந்தை இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் உரக்கப் பேசினாலும் புரியாமல் போகிறதல்லவா, அதே நிலைமைதான். அடுக்குமாடியின் உயரமான தளங்களில் இருப்பவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. டவர் ஆன்டெனாக்கள் தரையை நோக்கிச் சற்றுச் சாய்த்துப் பொருத்தப்பட்டிருக்கும். உயரத்தில் உள்ள போனுக்குப் பக்கத்து டவரின் நேர்க்கற்றை கிடைக்காது; தூரத்து டவர்கள் நான்கைந்து ஒரே வலிமையில் தெரியும், ஒன்றை ஒன்று குழப்பும். அங்கே பால்கனிக்குப் போவதைவிட, ஒரு பக்கம் சுவர் மறைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்தால் எஸ்ஐஎன்ஆர் கூடுவது உண்டு. அறை அறையாகப் போய் எண்ணைப் பார்த்து இடம் தேடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், அன்றைய டேட்டா அளவு தீர்ந்து வேகம் குறைக்கப்பட்டிருக்கிறதா, விபிஎன் ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நிறுவனத்தின் கவரேஜ் வரைபடத்தில் எங்கள் தெரு முழுக்க வண்ணம் பூசியிருக்கிறது. வீட்டுக்குள் ஒன்றும் இல்லை. வரைபடம் பொய்யா?

பதில்: பொய் என்று சொல்ல முடியாது. அது ஒவ்வொரு தெருவிலும் அளந்து போட்டது அல்ல. டவர் இருக்கும் இடம், உயரம், சக்தி, நில அமைப்பு ஆகியவற்றை வைத்துக் கணினி போடும் மதிப்பீடு. பெரும்பாலும் வெட்டவெளிக்கான கணக்கு அது. உங்கள் வீட்டுச் சுவர் எவ்வளவு தடிமன் என்பது அதற்குத் தெரியாது.

சாதாரணக் கண்ணாடி ஜன்னல் சில டெசிபலைத்தான் தின்னும். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடி 20 டெசிபலுக்கு மேலும் தின்றுவிடும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் ஒவ்வொன்றும் 10-ஐத் தாண்டலாம். தகரக் கூரையும் லிப்ட்டும் உலோகப் பெட்டி போலத்தான். தெருவில் -85 இருந்தால் இரண்டு சுவர் தாண்டிய படுக்கையறையில் -110 என்பது இயல்பான கணக்கு. நிறுவனம் ஏமாற்றியதாக அர்த்தமில்லை. சில நிறுவனங்கள் வீட்டுக்கு வெளியே, உள்ளே என்று தனித்தனி நிறத்தில் காட்டுகின்றன. அப்படி இருந்தால் உள்ளே என்ற நிறத்தை மட்டும் பாருங்கள். புது வீட்டுக்குக் குடிபோகும் முன் பார்க்கச் செல்லும்போது, ஒவ்வோர் அறையிலும் கதவைச் சாத்திவிட்டு எண்ணைக் குறித்துக்கொள்வது மிகவும் உபயோகமானது.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த போன். நெட் நன்றாக வருகிறது. அழைத்தால் மட்டும் போகவில்லை. சிம்மில் கோளாறா?

பதில்: சிம்மில் இல்லை, வோல்ட்டியில் (VoLTE). 4ஜி என்பது அடிப்படையில் டேட்டாவுக்கான தொழில்நுட்பம். அதன் மேல் பேசுவதற்குத் தனியாக வோல்ட்டி என்ற ஏற்பாடு வேண்டும். அது இல்லாத போன், அழைப்பு வந்ததும் 3ஜி அல்லது 2ஜிக்கு இறங்கிப் பேசும். அந்தப் பழைய சேவைகளை நிறுத்திவிட்ட நிறுவனத்தில் இறங்குவதற்கு இடமில்லை. அதனால் நெட் ஓடும், அழைப்பு போகாது.

போனில் வோல்ட்டி இருந்தாலும் அது மட்டும் போதாது. பல சிம் நிறுவனங்கள் தாங்கள் சோதித்த மாடல்களுக்கு மட்டும் வோல்ட்டியைத் திறந்துவிடுகின்றன. வேறு நாட்டு மாடல் எண் அந்தப் பட்டியலில் இல்லாமல் போகலாம். அமைப்புகளில் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குப் போய், வோல்ட்டி அழைப்பு அல்லது 4ஜி அழைப்பு என்ற பொத்தான் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இயக்குங்கள். இல்லையென்றால் போன் மென்பொருளைப் புதுப்பித்து, விமானப் பயன்முறையை இயக்கி அணைத்து, மறுபடி பாருங்கள். அப்போதும் வராவிட்டால் வைஃபை அழைப்பு (டவருக்குப் பதில் வைஃபை வழியாகப் பேசும்) வசதி உண்டா என்று பார்க்கலாம். அதுவும் இல்லையென்றால் அந்தப் போனில் அந்த சிம் பேசுவதற்கு உதவாது. அவசர அழைப்பும் போகாமல் போகலாம் என்பதால் இதை அலட்சியமாக விட வேண்டாம்.

மறைவான பட்டியலுக்குள் போய் '4ஜி மட்டும்' என்று மாற்றி வைத்தவர்களுக்கும் இதே தொல்லை வரும். வோல்ட்டி இல்லாமல் அந்த அமைப்பு வைத்தால் அழைப்பு நின்றுவிடும்.

கேள்வி: இரண்டு சிம் போன். ஒன்றில் பேசும்போது இன்னொன்றுக்கு அழைப்பவர்களுக்கு 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்கிறது. இது பழுதா?

பதில்: பழுதில்லை. பெரும்பாலான இரு சிம் போன்களில் இரண்டு சிம்மும் காத்திருக்கும். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேசும். இரண்டு வழி இருக்கிறது. எளியது, ஒவ்வொரு சிம்மிலும் 'தொடர்பு கிடைக்காதபோது' மற்ற எண்ணுக்கு அழைப்பைத் திருப்பிவிடுவது. மற்றது, பேசிக்கொண்டிருக்கும் சிம்மின் டேட்டா வழியாக இன்னொரு சிம்முக்கு வரும் அழைப்பைப் பெறுவது. புதிய போன்கள் பலவற்றில் இந்த வசதி இருக்கிறது. ஐபோனில் மொபைல் டேட்டா மாற்றத்தை அனுமதிக்கும் பொத்தானையும் இரண்டு சிம்மிலும் வைஃபை அழைப்பையும் இயக்க வேண்டும். சிம் நிறுவனமும் வைஃபை அழைப்பை ஆதரிக்க வேண்டும்.

வாங்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: இரண்டாவது சிம்மும் மெமரி கார்டும் ஒரே தட்டில் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றனவா என்று. அப்படியானால் இரண்டில் ஒன்றைத்தான் வைக்க முடியும்.

கேள்வி: போனின் பின்புறம் ஒட்டும் 'சிக்னல் பூஸ்டர்' ஸ்டிக்கர் வேலை செய்யுமா? வீட்டில் பூஸ்டர் கருவி வைக்கலாமா?

பதில்: ஸ்டிக்கர் எதுவும் செய்யாது. உலோகத் தாளை ஆன்டெனாவின் மேல் ஒட்டினால் கெடுதல்தான் நேரும்.

வீட்டு ரிப்பீட்டர் கருவி நிஜமாகவே சிக்னலைப் பெருக்கும். ஆனால் தரம் குறைந்ததை வைத்தாலும், வெளி ஆன்டெனாவையும் உள் ஆன்டெனாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும், அது தன் சிக்னலையே தான் வாங்கி ஊளையிடத் தொடங்கும். சுற்றுவட்டாரம் முழுக்க டவருக்கு இரைச்சல் போகும். அக்கம்பக்கத்தினருக்கும் அழைப்பு அறுபடும். அதனால்தான் அனுமதி இல்லாமல் வைப்பதைப் பல நாடுகள் குற்றமாகவே வைத்திருக்கின்றன. உங்கள் சிம் நிறுவனத்திடம் கேட்காமல் வாங்காதீர்கள்.

வீட்டில் கம்பிவழி இணையம் இருந்தால் வேலை சுலபம். போனில் வைஃபை அழைப்பை இயக்கிவிடுங்கள், அவ்வளவுதான். சிக்னலே எட்டாத அறையிலும் வழக்கமான எண்ணிலேயே பேசலாம்.

கம்பிவழி இணையமும் இல்லாத இடமென்றால், வெளி ஆன்டெனா மாட்டும் துளை உள்ள 4ஜி அல்லது 5ஜி ரூட்டரை எடுங்கள். துளை 2 இருக்கும். இரண்டுக்கும் ஆன்டெனா வேண்டும். ஒன்றை மட்டும் மாட்டினால் வேகம் பாதியாகக்கூடக் குறையலாம். இரண்டு ஆன்டெனாக்களையும் ஒன்றுக்கொன்று குறுக்காக, ஒன்று வலப்புறம் 45 டிகிரி, மற்றது இடப்புறம் 45 டிகிரி சாய்ந்திருக்கும்படி வையுங்கள். பல ஆன்டெனாக்களில் ஒரே பெட்டிக்குள் இப்படியே அமைந்திருக்கும். பலர் தவறுவது கேபிளில். மெல்லிய ஆன்டெனா கேபிளை 10 மீட்டர் இழுத்தால், ஆன்டெனா ஈட்டித் தந்ததில் பெரும்பகுதி கேபிளிலேயே கரைந்துவிடும். ரூட்டரை ஆன்டெனாவுக்கு அருகில், மழை படாத இடத்தில் வைத்து, அங்கிருந்து ஈதர்நெட் கேபிளைக் கீழே இழுங்கள். அது 100 மீட்டர் வரை தாங்கும்.

ஆன்டெனாவை ஒரே மூச்சில் சுற்றாதீர்கள். 10, 15 டிகிரி திருப்பி, ஒரு நிமிடம் காத்திருந்து, ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் தெரியும் எஸ்ஐஎன்ஆர் எண்ணைக் குறித்து, மறுபடி திருப்புங்கள். ஆர்எஸ்ஆர்பி அதிகமாக உள்ள திசையைவிட எஸ்ஐஎன்ஆர் அதிகமாக உள்ள திசைதான் பெரும்பாலும் நல்ல வேகம் தரும். அந்தத் திசையில் இறுக்கிவிட்டு, ரூட்டரின் வைஃபையில் போனை இணைத்து வைஃபை அழைப்பில் பேசுங்கள்.

கேள்வி: 5ஜி போன் வாங்கியதிலிருந்து மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. பேட்டரி மோசமா?

பதில்: நீங்கள் இருக்கும் இடம் 5ஜி எல்லையின் விளிம்பாக இருக்கலாம். சிக்னல் குறையக் குறைய போன் தன் அனுப்பும் சக்தியைக் கூட்டும். 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவும். ஒவ்வொரு தாவலுக்கும் தேடல் நடக்கும். பல நிறுவனங்களின் 5ஜி இன்னும் 4ஜியின் தோளைப் பிடித்துக்கொண்டு இயங்கும் வகை என்பதால், இரண்டு இணைப்புகளையும் ஒரே நேரத்தில் தாங்க வேண்டியும் இருக்கும். திரையில் 5ஜி என்று தெரிந்தாலும் அந்த நொடியில் டேட்டா 4ஜியில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

விருப்ப நெட்வொர்க் வகையை 4ஜிக்கு மாற்றி இரண்டு நாள் பாருங்கள். பேட்டரி தாங்கினால் காரணம் தெரிந்துவிட்டது. வீட்டில் 4ஜியிலேயே வைத்துக்கொள்ளலாம். பயன்படுத்தாத இரண்டாவது சிம் உள்ளே இருந்தால் அதையும் அணையுங்கள், அதுவும் தன் பங்குக்கு டவர் தேடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: திரை மாற்றிய பிறகு டவர் குறைந்துவிட்டது. கடைக்காரர் சம்பந்தமே இல்லை என்கிறார்.

பதில்: சம்பந்தம் இருக்கிறது. போனுக்குள் மேல் பலகையையும் கீழ்ப் பலகையையும் இணைக்கும் நூல் போன்ற ஆன்டெனா கேபிள் இருக்கும். அதன் முனையில் மிளகைவிடச் சிறிய வட்டப் பொத்தான். பிரிக்கும்போது அதைக் கழற்றுவார்கள். திரும்ப அழுத்தும்போது 'கிளிக்' என்று உட்காராவிட்டால் சிக்னல் 10, 20 டெசிபல் விழும். சட்டத்தைத் தொடும் சின்ன உலோகச் சுருள்கள் வளைந்திருந்தாலும், ஒரு திருகு விடுபட்டிருந்தாலும் இப்படி ஆகும். திறந்து அந்த முனைகளை மறுபடி அழுத்தச் சொல்லுங்கள்; புதிய பாகம் தேவைப்படாமலே சரியாகிவிடலாம்.

இனி போனைப் பழுதுக்குக் கொடுக்கும் முன், கடை வாசலிலேயே நின்று டிபிஎம் எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது அதே இடத்தில் பாருங்கள்.

பழைய போன் வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை: *#06# அடித்தால் போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் வர வேண்டும். இரு சிம் போனில் 2 எண்கள் வரும். வெற்றாகவோ சுழியங்களாகவோ வந்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: வயதான அம்மாவுக்குப் பேசுவதற்கு மட்டும் ஒரு பட்டன் போன் போதும். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: 4ஜியும் வோல்ட்டியும் உள்ளதாக இருக்க வேண்டும். 2ஜி மட்டும் உள்ள போன், அந்தச் சேவை நிற்கும் நாளில் பயனற்றதாகிவிடும். கடையிலேயே அம்மாவின் சிம்மைப் போட்டு ஒரு அழைப்பு செய்து பாருங்கள். காது கேட்கும் கருவி அணிபவர் என்றால், அதை அணிந்துகொண்டே பேசிப் பார்க்கட்டும். சில போன்களில் கிர்ரென்று இரைச்சல் வரும்.

கேள்வி: சிக்னல் தவிர, பலரும் கவனிக்காமல் விட்டுப் பிறகு வருந்தும் விஷயம் எது?

பதில்: முகம் பக்கத்தில் வந்ததை அறியும் உணரி. விலை குறைந்த சில போன்களில் தனி உணரி வைக்காமல் மென்பொருளால் சமாளிக்கிறார்கள். பேசும்போது திரை அணையாமல், கன்னம் பட்டு அழைப்பு துண்டிக்கப்படும். அடுத்தது சேமிப்பகத்தின் வகை: இஎம்எம்சியைவிட யுஎஃப்எஸ் வேகமானது. ரேம் கூடுதலாக இருந்தும் போன் இழுப்பதற்கு இது ஒரு காரணம். பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வரும் என்பதை, வாங்கும் நாளிலிருந்து அல்ல, அந்த மாடல் வெளியான நாளிலிருந்து எண்ணுங்கள். நீர் புகாமல் தாங்குவதைக் குறிக்கும் ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம், அதுவும் நன்னீரில். கடல் நீருக்கும் சோப்பு நீருக்கும் அந்தச் சோதனை பொருந்தாது.

கேள்வி: வாங்கியாகிவிட்டது. திருப்பிக் கொடுக்க ஒரு வார அவகாசம். என்ன சோதிக்க வேண்டும்?

பதில்: முதல் நாளே பழைய போனையும் புதியதையும் வைத்துக்கொண்டு, ஒரே சிம்மை மாற்றி மாற்றிப் போட்டு, நீங்கள் அதிகம் பேசும் மூன்று இடங்களில் எண்ணைக் குறியுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம், உறை இல்லாமல். இரண்டு சிம் துளைகளையும் சோதியுங்கள். பலவீனமான அறையில் ஐந்து நிமிடம் பேசுங்கள்; எதிர்முனையில் இருப்பவரிடம் எங்கே வெட்டியது என்று கேளுங்கள். வைஃபையை விட்டு வெளியே நடக்கும்போது வைஃபை அழைப்பு அறுபடாமல் 4ஜிக்கு மாறுகிறதா என்றும் பாருங்கள். ஐந்து டெசிபல் வரையிலான வித்தியாசம் சாதாரணம். மூன்று இடத்திலும் தொடர்ந்து 10-க்கு மேல் குறைவாக இருந்தால் முதலில் பேண்ட் பட்டியலைச் சரிபாருங்கள். அது பொருந்தியும் குறைவாக இருந்தால் ஆன்டெனாவில் குறை இருக்கலாம். எழுதி வைத்த எண்களோடு, அவகாசம் முடியும் முன் போனைத் திருப்பிக் கொடுங்கள்.